ஓலை சேராத வழக்குகள்

வழக்கொன்று மன்றேறினால் அது வெல்லும், அன்றேல் தோற்கும் என்பதே பொதுமக்கள் கொள்ளும் எண்ணம். நீதிமன்ற ஏடுகளைப் பயில்வோர் மூன்றாவது முடிவொன்றையும் ஆங்குக் காண்பர். வழக்காளி சொன்னது மெய்யா பொய்யா என்று எவரும் ஆராய்ந்திரார். எதிராளி வாய் திறந்து மறுமொழி கூறியிரார். எதிராளிக்கு அறிவித்தல் உரிய முறையிற் சேர்ப்பிக்கப்படவில்லை என்னும் ஒரே காரணத்தால் ஏடு மூடப்பட்டிருக்கும். இதனை வெற்றியென்றும் சொல்லுதற்கில்லை, தோல்வியென்றும் சொல்லுதற்கில்லை.

கடன் வழக்கிலும் வேலிச் சண்டையிலும் இவ்வாறு நேர்ந்தால், அதனை ஒருவர் சோம்பலுக்கு அவரே பெற்ற கூலி என்று விட்டுவிடலாம். குடிமகனொருவன் தன் அடிப்படை உரிமையை அரசே பறித்ததென்று முறையிட்டு, அவ்வழக்கும் இவ்வாறே முடியுமாயின், அதனை அத்துணை எளிதாக விடுதற்கியலாது. அமெரிக்க நாட்டிற் சிவில் உரிமை வழக்குகள் பல இவ்வகையால் மடிகின்றன. நம் நாட்டிலும் இதற்கு ஒத்த நிலை உண்டு. இதனைச் சட்டத்தரணிகள் மட்டும் பேசிக்கொள்ளும் நுணுக்கமென்று ஆசிரியர்களும் மாணவர்களும் ஒதுக்கிவிடலாகாது. இடமாற்றம், நியமனம், பதவியுயர்வு என்று புதுக்கடைப் படியேறுவோருள் ஆசிரியர் தொகை சிறிதன்று.

முதற்கண், அறிவித்தல் என்னும் விதி ஏன் உண்டாயிற்று என்பதை நேர்மையோடு நோக்குவோம். கோவலன் கதையைத் தமிழ் கற்றார்க்குச் சொல்லவேண்டியதில்லை. பொற்கொல்லன் சொன்னான், மன்னன் கேட்டான், காவலர் சென்றனர், வாள் இறங்கியது. உன்மீது இவ்வாறொரு குற்றச்சாட்டு உண்டு, நீ என்ன சொல்கிறாய் என்று கோவலனை ஒருவரும் கேட்கவில்லை. பாண்டியன் செய்த பிழை தீர்ப்பிலே தொடங்கவில்லை; எதிராளிக்கு அறிவியாமல் வழக்கை முடித்ததிலேயே தொடங்கிற்று. இதே நெறியை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், அலி (ரலி) அவர்களை எமன் நாட்டுக்கு நீதி வழங்க அனுப்பியபோது அறிவுறுத்தினார்கள். இருவர் வழக்குரைக்க வந்தால், ஒருவர் சொல்லைக் கேட்டது போல மற்றவர் சொல்லையும் கேட்கும்வரை தீர்ப்புச் சொல்லற்க என்பது அவ்வறிவுரையின் சாரம். ஆகவே எதிராளிக்குச் செய்தி சேரவேண்டும் என்னும் விதி அறத்தின் வழிப்பட்டதே. அதனைப் பழிப்பது நம் நோக்கமன்று. 1950ஆம் ஆண்டில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒரு நம்பிக்கைச் சொத்து வழக்கிலே, அறிவித்தல் ஒரு சடங்காக இருத்தல் போதாது, செய்தியை உண்மையாகவே சேர்க்க விரும்பும் ஒருவர் கையாளக்கூடிய வழியாக அது இருக்கவேண்டும் என்று வகுத்துரைத்தது. அவ்வுரை இன்றும் வழக்கறிஞர் நாவிற் பயில்கின்றது.

அறிவித்தலைத் தட்டிக் கழிப்போரும் பண்டுதொட்டே உண்டு. பெரியபுராணத்திலே நம்பியாரூரர் திருமணப் பந்தரிற் கிழவேதியர் நீட்டிய ஓலையைப் பறித்துக் கிழித்தெறிந்தார். ஓலை கிழிந்தது, வழக்குக் கிழியவில்லை. திருவெண்ணெய்நல்லூர் அவையத்தார் மூல ஓலையைக் கேட்டு வாங்கி வழக்கை ஆராய்ந்தனர். இக்காலத்துச் சிவில் நடைமுறைச் சட்டங்களும் அவ்வழியையே பின்பற்றுகின்றன. எதிராளி ஒளிந்துகொண்டால் அவன் வீட்டுக் கதவிலே அழைப்பாணையை ஒட்டலாம். அது சேர்ந்ததாகவே கொள்ளப்படும். ஒளிபவனுக்கு வழி கண்ட சட்டம், தேடுபவனுக்கு எவ்வளவு வழி கண்டது என்பதே நம் வினா.

அமெரிக்க நிலையைச் சிறிது விரித்துரைப்போம். உள்நாட்டுப் போருக்குப் பின்னர், விடுதலை பெற்ற கறுப்பின மக்களைக் கூ கிளக்ஸ் கிளான் என்னும் வன்முறைக் கூட்டம் வதைத்தபோது, மாநில அதிகாரிகள் கண்மூடி இருந்தனர். சிலர் உடந்தையாகவும் இருந்தனர். அதனால் 1871இல் அந்நாட்டுக் காங்கிரசு ஒரு சட்டம் இயற்றியது. மாநில அதிகாரத்தின் போர்வையில் எவரேனும் ஒருவருடைய அரசியலமைப்பு உரிமையைப் பறித்தால், பாதிக்கப்பட்டவர் அவரைக் கூட்டாட்சி நீதிமன்றத்துக்கு இழுக்கலாம் என்றது அச்சட்டம். இன்று பொலிசாரின் அத்துமீறலுக்கும் சிறைக் கொடுமைக்கும் எதிராகத் தொடுக்கப்படும் வழக்குகள் பெரும்பாலும் அச்சட்டத்தின் வழி வந்தவை. 1983ஆம் பிரிவு வழக்குகள் என்று வழங்கப்பெறுபவை. ஈண்டு 1983 என்பது ஆண்டன்று, சட்டத் தொகுப்பின் பிரிவெண் என்பதை மாணவர் கருத்திற் கொள்க.

அங்கே வழக்கைப் பதிந்த நாளிலிருந்து 90 நாளுக்குள் அழைப்பாணையையும் வழக்குரையின் படியையும் எதிராளியிடம் சேர்ப்பித்தல் வேண்டும். 2015 டிசம்பர் வரை 120 நாளாக இருந்த தவணையே இவ்வாறு குறுகிற்று. தவறினால் நீதிமன்றம் வழக்கைத் தள்ளலாம். அல்லது புதிய தவணை குறிக்கலாம். தக்க காரணம் காட்டினால் தவணை நீட்டியே ஆகவேண்டும். தள்ளுவதும் மீண்டும் தொடுக்கும் உரிமைக்குப் பங்கமின்றியே என்று விதி கூறும். கேட்பதற்கு இது எத்துணை இரக்கமுள்ள விதி! ஆயின் 1983ஆம் பிரிவு வழக்குக்கெனத் தனியாக ஒரு காலவரையறை இல்லை. அந்தந்த மாநிலத்தில் உடற்காய வழக்குக்கு உள்ள காலவரையறையே இதற்கும் பொருந்தும் என்று 1985இல் உச்ச நீதிமன்றம் தீர்த்தது. சில மாநிலங்களில் அஃது ஓராண்டு; வேறு சிலவற்றில் ஈராண்டு. வழக்காளி தவணையின் இறுதி நாட்களில் வழக்குப் பதிந்து, மூன்று மாதம் கடந்து அது தள்ளப்படுமாயின், மீண்டும் தொடுக்கும் உரிமை தாளிலே மட்டும் இருக்கும். கதவு திறந்தே இருக்கின்றது என்று சொல்லிவிட்டு வீட்டை இடித்துவிட்டாற் போன்றது அது.

இதிலும் கொடியது சிறைவாசியின் நிலை. அவன் பெரும்பாலும் சட்டத்தரணியின்றித் தானே எழுதி வழக்கிடுபவன். வறியவன் என்று மன்று ஏற்றுக்கொண்டால், அழைப்பாணையைச் சேர்ப்பிக்கும் பொறுப்பு நீதிமன்ற அலுவலரைச் சாரும். இது நல்ல ஏற்பாடே. ஆயினும் எவரிடம், எந்த முகவரியிற் சேர்ப்பது என்று சொல்லவேண்டியவன் சிறைவாசியே. தன்னை அடித்த காவலனின் முழுப்பெயர் அவனுக்குத் தெரிந்திராது. அக்காவலன் வேலையை விட்டு விலகி வேறூர் சென்றிருந்தால் அழைப்பாணை திரும்பிவரும். பெயரும் முகவரியும் சிறை நிருவாகத்தின் இரும்புப் பெட்டியில் இருக்கின்றன. அவற்றைத் தேடித்தரும் கடமை கூண்டுக்குள் இருப்பவன் தலையில் விழுகின்றது. அந்நாட்டு விதிகளிலேயே இதற்கு ஓரளவு மாற்றும் உண்டு. கூட்டாட்சி அரசையோ அதன் அலுவலரையோ எதிராளியாக்கும்போது, உள்ளூர் அரச வழக்கறிஞருக்கும் தலைநகரிலுள்ள சட்டமா அதிபருக்கும் தனித்தனியே படி அனுப்புதல் வேண்டும். ஒன்று சேர்ந்து மற்றொன்று தவறினால், அதனைத் திருத்திக்கொள்ள நியாயமான கால அவகாசம் கொடுத்தே ஆகவேண்டும் என்று அவ்விதி கூறுகின்றது. அரசு செய்தி அறிந்துவிட்டபின் தாள் குறைந்ததென்று வழக்கைக் கொல்லலாகாது என்னும் உணர்வு அதிலே தெரிகின்றது.

இனி நம் நாட்டுக்கு வருவோம்.

1978ஆம் ஆண்டின் அரசியலமைப்பு, 126ஆம் உறுப்புரையால், அடிப்படை உரிமை மீறலை விசாரிக்கும் தனியதிகாரத்தை உயர் நீதிமன்றத்துக்கு அளித்தது. நாடு முழுவதற்கும் அவ்வொரு மன்றமே; அது கொழும்பிலே இருக்கின்றது. மீறல் நிகழ்ந்து ஒரு மாதத்துக்குள் மனுச் செய்தல் வேண்டும். மேலதிகாரிக்கு முறையீடு எழுதிக் காத்திருந்த காலம் அக்கணக்கில் கழிக்கப்படாது என்பது 1988இல் தெளிவாகவே தீர்க்கப்பட்டது. இயலாத ஒன்றைச் சட்டம் எவரிடத்தும் கேட்பதில்லை என்னும் நெறிப்படி, தன் பிழையின்றித் தாமதித்தவரை மன்று ஏற்கக்கூடும் என்றும் தீர்ப்பு உண்டு. எனினும் அது மன்றின் கருணையைப் பொறுத்தது.

இறக்காமத்திலே உள்ள ஓர் ஆசிரியரை எண்ணிப் பாருங்கள். அவர் இட்டுக்கட்டிய காரணத்தால் இடமாற்றப்பட்டார் என்று கொள்வோம். அவருடைய மனுவில் எதிர்மனுதாரர் எத்தனை பேர்? வலயக் கல்விப் பணிப்பாளர், மாகாணக் கல்விப் பணிப்பாளர், மாகாணக் கல்விச் செயலாளர், மாகாண அரசாங்க சேவை ஆணைக்குழுவின் தலைவர், அதன் உறுப்பினர் ஒவ்வொருவரும், இறுதியிற் சட்டமா அதிபர். ஒவ்வொருவருக்கும் மனுவின் படியும் இணைப்புகளின் படியும் வேண்டும். மனு பெரும்பாலும் ஆங்கிலத்தில் எழுதப்படும். ஆசிரியர் தம் கதையைத் தமிழிற் சொல்ல, அது மொழிபெயர்ந்து, சத்தியக் கடதாசியோடு சேர்ந்து, அந்த ஒரு மாதத்துக்குள் புதுக்கடைக்குப் போய்ச் சேரவேண்டும். இராப்பயண பஸ்ஸிலே நம்மூரார் கொழும்புக்குப் போய்வருவது எத்தகைய அலைச்சலென்று இக்கரையில் வாழ்வோருக்குச் சொல்லவேண்டுவதில்லை. வழக்கு ஆண்டுக்கணக்கில் நீளும்போது ஆணைக்குழு உறுப்பினர் மாறுவர். மாறுந்தோறும் தலைப்பைத் திருத்தவேண்டும், புதியவர்களைச் சேர்க்கவேண்டும், அவர்களுக்கும் அறிவித்தல் அனுப்பவேண்டும். அடிப்படை உரிமைத் தீர்ப்புகளின் முதற்பக்கங்களைப் பார்த்தவர்கள், எதிர்மனுதாரர் பெயர்ப்பட்டியல் ஆலமரத்து விழுதுபோற் கிளைத்திருப்பதைக் கண்டிருப்பர். ஆணைக்குழு அழியாதது, உறுப்பினரே வந்து போகின்றவர்கள். அழியாத ஒன்றுக்குச் செய்தி சொல்ல, வந்துபோகின்ற ஒவ்வொருவர் கதவையும் ஏன் தட்டவேண்டும் என்று நாம் கேட்பது பிழையாகாது.

1990ஆம் ஆண்டின் உயர் நீதிமன்ற விதிகளில் எட்டாம் விதி சிறப்பு மேன்முறையீட்டு அனுமதி கோருவோர்க்குரியது. அடிப்படை உரிமை மனுவுக்குத் தனி விதிகள் வேறு உள. ஆயினும் தொழில் நியாயசபையிலே தொழிலாளியாக வழக்காடியவரும், அதிகாரியின் கட்டளையை எழுத்தாணை வழக்கால் எதிர்த்தவரும், ஈற்றில் உயர் நீதிமன்ற அனுமதி நாடிச் செல்லும்போது இத்தகைய விதிகளின் வழியே செல்லவேண்டியவராகின்றனர். எட்டாம் விதி கேட்பது யாது? மனுவோடு எதிர்மனுதாரர் தொகைக்கேற்ப அறிவித்தற் படிவங்கள். அவற்றிற் பெயர், முகவரி, சட்டத்தரணியின் தொலைபேசி எண். பதிவுத் தபாலுக்கு முத்திரை ஒட்டி முகவரி எழுதிய கடிதவுறைகள். அதனோடு முடியவில்லை. மனுக் கொடுத்து இரண்டு கிழமைக்குக் குறையாமலும் மூன்று கிழமைக்கு மேற்படாமலும் மனுதாரர் பதிவகத்துக்குச் சென்று, அறிவித்தல் எதுவும் திரும்பி வந்துள்ளதா என்று பார்த்தல் வேண்டும். வந்திருந்தாற் சரியான முகவரி தரல் வேண்டும். பார்த்தல் என்றால் போய்ப் பார்த்தல்.

இவ்விதியை மீறியதன் விளைவு யாது என்பதிலே மன்றின் குரல் என்றும் ஒன்றாக இருந்ததில்லை. 1990இல், இவ்விதிகளுக்கு முன்னிருந்த 1978ஆம் ஆண்டு விதிகளைப் பொருள்கோடும்போது, நீதியரசர் மார்க் பெர்ணாண்டோ நடுநிலை நெறியொன்றை வகுத்தார். விதி யாவர்க்கும் கட்டாயமே. ஆயினும் தவறியவர் வழக்கைத் தானாகவே தள்ளிவிடச் சட்டம் பணிக்கவில்லை. தவறு எத்தகையது, அதற்குச் சொல்லும் காரணம் யாது, அவ்விதி எந்த நோக்கத்துக்காக உண்டாயிற்று என்பவற்றை எடைபோட்டே விளைவைத் தீர்மானிக்கவேண்டும் என்பது அவர் கருத்து. பின்னர் 2007ஆம் ஆண்டு தொட்டு வெளிவந்த தீர்ப்புகள் பலவற்றில், எட்டாம் விதிப்படி அறிவித்தல் செலுத்தத் தவறிய மனுக்கள், எதிர்த்தரப்பின் பூர்வாங்க ஆட்சேபனையை ஏற்று, பொருளுக்குள் புகாமலே தள்ளப்பட்டன. இடர் நேர்ந்திருந்தால் தவணை நீட்டும்படி தனி நீதியரசர் ஒருவரிடம் கேட்க வழி இருக்கின்றதே, அதனை ஏன் நாடவில்லை என்பது அத்தீர்ப்புகளின் வாதம். வாதத்தில் வலிமை இல்லாமலில்லை. ஆட்சேபனையை எழுப்பும் எதிர்த்தரப்புச் சட்டத்தரணி மன்றிலே வந்து நிற்கின்றார் என்றால், செய்தி அவருக்குச் சேர்ந்துவிட்டது என்பதுதானே பொருள்? செய்தி சேர்ந்ததால் வந்து நின்று, செய்தி சேரவில்லை என்று சொல்லும் வாதத்திலே ஒரு வேடிக்கை இருக்கத்தான் செய்கின்றது.

மறுபுறத்து நியாயத்தையும் மறைக்கலாகாது. தனியாரை எதிர்த்த வழக்கிலே, ஒருவர் தீர்ப்பைப் பெற்று நிம்மதியாய் இருக்கும்போது, மற்றவர் மேன்முறையீடு செய்துவிட்டு அறிவியாமல் ஆண்டுக்கணக்காக வைத்திருந்தால், வென்றவர் கதி என்ன? இழுத்தடிப்பதற்கென்றே மனுப்போடுவோர் நம்மிடையே குறைவல்லர். அத்தகையோருக்குக் கடுமையே மருந்து. வெளிநாடு சென்றுவிட்ட கணவனிடம் தாபரிப்புக் கேட்கும் பெண்ணின் வழக்கும், அரசை எதிர்க்கும் ஆசிரியரின் வழக்கும் ஒரே விதியால் அளக்கப்படுவதிலேதான் கோளாறு தோன்றுகின்றது. கணவன் எங்கே இருக்கின்றான் என்பது உண்மையான கேள்வி. அரசு எங்கே இருக்கின்றது என்பது கேள்வியேயன்று. சட்டமா அதிபர் திணைக்களம் புதுக்கடையிலே இருக்கின்றது. உயர் நீதிமன்றமும் புதுக்கடையிலே இருக்கின்றது. ஒரு கட்டடத்திலிருந்து மற்றொன்றுக்கு நடந்தே போய்விடலாம். அந்தச் சிறு தொலைவைக் கடிதம் கடந்ததா என்று பார்த்துவர இறக்காமத்தார் தீவைக் குறுக்கே கடக்கவேண்டும்.

வாயிலிலே வழக்குச் சாவதற்கு நம் வரலாற்றில் நினைக்கத்தக்க சான்று கோடீஸ்வரன் வழக்கு. அஃது அறிவித்தல் தவறியதால் வீழ்ந்த வழக்கன்று. ஆயினும் உரிமை பற்றிய பெருவினா விடையின்றியே போவது எவ்வாறென்பதை அதனைக்காட்டிலும் தெளிவாக எதுவும் காட்டாது. செல்லையா கோடீஸ்வரன் அரசாங்க எழுதுவினைஞர் சேவையில் இருந்தவர். 1956ஆம் ஆண்டின் அரசகரும மொழிச் சட்டத்தைத் தொடர்ந்து, சிங்களத் தேர்ச்சி பெறாதார்க்குச் சம்பள ஏற்றம் இல்லையென்று 1961 டிசம்பரில் திறைசேரிச் சுற்றறிக்கை வந்தது. அவர் பரீட்சைக்குத் தோற்ற மறுத்தார். 1962 ஏப்ரலில் அவருக்குரிய சம்பள ஏற்றம் நிறுத்தப்பட்டது. அவர் சட்டமா அதிபர்மீது கொழும்பு மாவட்ட நீதிமன்றத்தில் வழக்கிட்டார். அரசகரும மொழிச் சட்டம் சோல்பரி யாப்பின் 29ஆம் பிரிவு தடுத்த பாகுபாட்டைச் செய்கின்றது. ஆகவே செல்லாது என்பது அவர் வாதம். 1964இல் மாவட்ட நீதிமன்றம் அதனை ஏற்றது.

அரசு மேன்முறையீடு செய்தது. 1967இல் உயர் நீதிமன்றம் மொழிச்சட்டம் செல்லுமா செல்லாதா என்னும் வினாவைத் தொடவேயில்லை. அரச ஊழியன் தன் சம்பளத்துக்காக முடிக்குரியவரை வழக்கிட்டுக் கேட்க உரிமையில்லை என்று கூறி வழக்கை வாயிலிலேயே நிறுத்தியது. 1969 டிசம்பரில் இலண்டனிலுள்ள பிரிவிக் கவுன்சில் அதனை மாற்றிற்று. டிப்ளொக் பிரபு வழங்கிய தீர்ப்பு, அரச ஊழியனுக்கு அவ்வுரிமை உண்டு என்று கூறி, மொழிச்சட்டம் பற்றிய வினாவை ஆராயும்படி வழக்கை உயர் நீதிமன்றத்துக்கே திருப்பி அனுப்பியது. அவ்வாராய்வு நிகழவேயில்லை. 1971இல் பிரிவிக் கவுன்சிலுக்கான மேன்முறையீடு ஒழிக்கப்பட்டது. 1972இன் குடியரசு யாப்பிலே 29ஆம் பிரிவு இடம்பெறவில்லை. ஏழாண்டுக்கு மேலாக வழக்கு வாயிலிலே நின்றது. உள்ளே அழைக்கும் வேளையில் வீடே மாறிவிட்டது. அவ்வினாவுக்கு 1967இலேயே, ஆமென்றோ அன்றென்றோ, நேரான விடை கிடைத்திருந்தால் இந்நாட்டின் வரலாறு எவ்வாறு சென்றிருக்கும் என்று சொல்ல நாம் சோதிடரல்லோம். விடையே கிடையாமற் போனது எவருக்கும் நன்மை செய்யவில்லை என்று சொல்லச் சோதிடம் வேண்டியதில்லை.

கோடீஸ்வரன் வழக்கிலே எதிராளி சட்டமா அதிபர் என்பதையும் குறித்துக்கொள்க. அரசை எதிர்த்துச் சாதாரண நீதிமன்றத்தில் வழக்கிட, அறிவித்தல் கொடுத்து ஒரு மாதம் காத்திருக்கவேண்டுமென்று நம் சிவில் நடைமுறைச் சட்டக்கோவையின் 461ஆம் பிரிவு கூறுகின்றது. இந்தியாவில் அக்காலம் இரண்டு மாதம். அந்நாட்டுக் கோவையின் 80ஆம் பிரிவு. அரசு தன் பிழையை எண்ணிப்பார்த்துத் திருத்திக்கொள்ளட்டும் என்பதே அவ்வவகாசத்தின் நோக்கம். அரசுகள் அவ்வாறு எண்ணிப்பார்க்கின்றனவா? 2005இல் இந்திய உச்ச நீதிமன்றம் வேதனையோடு கண்டது, பெரும்பாலான அறிவித்தல்களுக்கு மறுமொழியே வருவதில்லை, வந்தாலும் தெளிவற்ற மறுமொழியே வருகின்றது என்பதாகும். குடிமகன் அனுப்பும் அறிவித்தலுக்கு அரசு மறுமொழி அனுப்பாவிடில் ஒன்றும் நேர்வதில்லை. குடிமகனின் அறிவித்தல் ஒன்று தவறினால் வழக்கே போய்விடுகின்றது. தராசின் இரு தட்டும் இவ்வாறு இருந்தால் எடை எப்படிச் சரியாகும்?

இந்தியச் சட்டத்தின் மற்றொரு விதியும் கடுமையானதே. அழைப்பாணை சேராமல் திரும்பிய பின் ஏழு நாளுக்குள் புதிய அழைப்பாணை கேட்காவிடில் வழக்குத் தள்ளப்படலாம். எனினும் 2020 ஜூலையில், கொள்ளைநோய்க் காலத்து இடர் கருதி, மின்னஞ்சல் வழியாகவும் வாட்ஸ்அப் போன்ற செய்திச் செயலிகள் வழியாகவும் அறிவித்தல் சேர்ப்பிக்கலாம் என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் இசைந்தது. ஊர்ப் பள்ளிக்கூட அதிபரும் கிராம உத்தியோகத்தரும் கட்டளைகளைச் செயலியிலே பெற்று உடனே நிறைவேற்றும் இக்காலத்தில், அமைச்சின் செயலாளருக்குப் பதிவுத் தபாலே வேண்டும் என்பது பொருத்தமாகத் தோன்றவில்லை.

நம் விதிகளில் இரக்கமே இல்லையென்று சொல்வதும் நேர்மையாகாது. வழிவகையற்றவர் நீதியரசருக்கு எழுதும் கடிதத்தையே மனுவாக ஏற்க 1990ஆம் ஆண்டு விதிகள் இடந்தருகின்றன. கடிதத்தையே மனுவாக ஏற்கத் துணிந்த மன்றம், கடிதவுறையின் முத்திரையிலே மனுவை நிறுத்துவது பொருந்துமா? செய்யவேண்டியது பெரிய புரட்சியுமன்று. அரசும் அரசின் அலுவலரும் எதிர்மனுதாரராக உள்ள வழக்கிலே, பதவிப்பெயரைச் சுட்டுவதே போதுமென்றும், பதிவாளர் சட்டமா அதிபருக்கு அனுப்பும் ஒரே அறிவித்தல் அனைவர்க்கும் சேர்ந்ததாகுமென்றும் விதியைத் திருத்தலாம். திரும்பிவந்த கடிதத்தைப் பற்றிய செய்தியை மனுதாரருக்குத் தொலைபேசியில் அறிவிப்பது பதிவகத்தின் கடமையாகலாம். தள்ளுபடி என்னும் வாளை உறையிலிருந்து எடுக்கும் முன், எதிர்த்தரப்பு உண்மையாகவே செய்தி அறியாதிருந்து இடர்ப்பட்டதா என்று மன்று கேட்கலாம். மார்க் பெர்ணாண்டோ 1990இல் வகுத்த அளவுகோல் அதற்குப் போதுமானது. புதிதாக ஒன்றைத் தேடவேண்டியதில்லை.

விதி திருந்தும்வரை இக்கரையில் வாழும் ஆசிரியரும் பிறரும் அறிந்திருக்கவேண்டிய வழியொன்று உண்டு. 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின் 13ஆம் பிரிவுப்படி, மீறல் நிகழ்ந்து ஒரு மாதத்துக்குள் இலங்கை மனித உரிமைகள் ஆணைக்குழுவிடம் முறையிட்டால், அவ்விசாரணை நிலுவையில் இருக்கும் காலம் உயர் நீதிமன்றத் தவணைக் கணக்கிலிருந்து கழிக்கப்படும். ஆணைக்குழுவின் பிராந்திய அலுவலகம் கல்முனையிலேயே இருக்கின்றது. அதற்கு இராப்பயணம் வேண்டியதில்லை. முறைப்பாட்டுக் கடிதத்தைக் கொடுத்துவிட்டுப் பேசாதிருந்தாற் போதாது, விசாரணை மெய்யாகவே நிலுவையில் இருந்ததென்று காட்டவேண்டும் என்று பின்னைய தீர்ப்புகள் சில கூறுவதால், முறைப்பாட்டு இலக்கத்தையும், ஆணைக்குழு அனுப்பும் ஒவ்வொரு கடிதத்தையும், தாம் அனுப்பியவற்றின் பதிவுத் தபாற் பற்றுச்சீட்டுகளையும் நாள் ஒழுங்காக ஒரு கோவையிற் சேர்த்துவைத்தல் வேண்டும்.